ஏறிப் போக முடியாத தேர்

பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை. இரண்டிலும் ஒரு பொம்மைத் தேர் வருகிறது. பட்டினப்பாலையில் அது காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் ஓடுகிறது. காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, கையில் வேறெதுவும் அகப்படாததுபோல், பெண்ணொருத்தி காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். வழியில் கிடக்கும் அந்தக் குழை, குதிரை பூட்டாமல் பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று உருளைச் சிறுதேரை மறித்துவிடுகிறது. ஊரின் செல்வச் செழிப்பைக் காட்ட வந்த காட்சி என்று எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் தேரை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர் அது. அதை உருட்டி உருட்டித் தளர்நடை நடந்த குழந்தை களைத்துப்போய்ச் செவிலியின் மார்பில் பால் குடித்துவிட்டுப் படுக்கையில் தூங்கிப்போகிறது. அந்தத் தேருக்குப் புலவர் ஓர் அடைமொழி கொடுக்கிறார்: ஏறி ஊர்ந்து போக முடியாத தேராம்.

தேர் என்றாலே ஏறுவதற்குத்தான். ஏற முடியாத தேர் என்பது புலவர் வேடிக்கையாகச் சொன்னதாகவே இருக்கலாம். ஆனால் குழந்தையை நிற்கவும் நடக்கவும் பழக்குவதாகச் சொல்லி மனிதர்கள் செய்துவைத்த பொருள்களையெல்லாம் இந்த ஒரு சொல்லை வைத்தே இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று குழந்தை தள்ளும் பொருள். மற்றது குழந்தையைத் தாங்கும் பொருள். முதல் வகை ஏற்கெனவே நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளையிடம்தான் செல்லுபடியாகும். இரண்டாம் வகை, இன்னும் நிற்க வராத பிள்ளையை நிற்பதுபோல் காட்டும். நடைவண்டி முதல் வகை. இன்று கடையில் 'வாக்கர்' என்று கேட்டால் எடுத்துக்கொடுக்கும் வட்டச் சட்டம் இரண்டாம் வகை. ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடித்துக்கொண்டதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக நினைக்கிறோம். இரண்டாம் வகை எந்த நாட்டில் எந்தக் காலத்தில் தோன்றியிருந்தாலும் பெரியவர்களின் கைக்கு ஓய்வு கொடுக்கத்தான் தோன்றியது. குழந்தையின் கால் அதற்குச் சொல்லப்பட்ட சாக்கு என்பது என் வாதம்.

ஆசாரி செய்த நடைவண்டி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரிந்துவிடும். முக்கோணச் சட்டம், கூர்முனையில் ஒரு சக்கரம், அகலமான பக்கத்தில் இரண்டு. அந்த அகலப் பக்கத்தில் இரண்டு கட்டைகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் தலையில், குழந்தையின் மார்பு உயரத்துக்கு, ஒரு கைப்பிடி. அச்சும் மரம், அச்சு சுழலும் துளையும் மரம். எண்ணெய் விட்டாலும் கிறீச்சிடும், லேசில் ஓடாது. அந்த உராய்வுதான் அதற்கு பிரேக். சரி, தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை இதைப் பற்றிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தால் என்ன ஆகும்? கைப்பிடி பின்சக்கரங்களுக்கு ஏறக்குறைய நேர் மேலே இருப்பதால், தன் பக்கமாக இழுத்ததும் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். வண்டி குழந்தையின் மேலேயே சாயும். யாராவது சட்டத்தைக் காலால் மிதித்துக்கொண்டால்தான் உண்டு. ஆக, எழுந்து நிற்பதைக் கட்டில் காலிலோ அரிசி டின்னிலோ பாட்டியின் முட்டியிலோ கற்றுக்கொண்டு வந்த பிள்ளைக்குத்தான் நடைவண்டி உதவும். நிற்கக் கற்றுக்கொடுக்கும் சக்தி அதற்கு இல்லை. இருப்பதாக அது காட்டிக்கொள்வதும் இல்லை.

சங்கப் பாட்டில் வருவது விளையாட்டுத் தேர்தானே, அதை நடைவண்டி என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பிள்ளைத்தமிழ் இலக்கணமும் அந்தக் கேள்விக்கே துணை நிற்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிறுதேர் கடைசி. அதற்கு 21ஆம் மாதம் என்று கணக்கு. குழந்தையை அடியெடுத்து வரச் சொல்லி அழைக்கும் வருகைப் பருவமோ 13ஆம் மாதத்தில் வந்துவிடுகிறது. நடந்து எட்டு மாதம் கழித்து உருட்டும் தேர் நடை பழக்கும் கருவியாக இருக்க முடியாது. பட்டினப்பாலைத் தேரை அதனால் விளையாட்டுக் கணக்கிலேயே விட்டுவிடலாம். பெரும்பாணாற்றுப்படைக் குழந்தை அப்படியல்ல. அதன் களைப்பு தளர்நடையின் களைப்பு என்று புலவரே சொல்லிவிடுகிறார். பால்குடி மறக்காத பிள்ளை அது. மேலும், இரண்டு மாதத்துக்கு ஒரு பருவம் என்று படிக்கட்டுபோல் அடுக்கிய கணக்கு பாட்டியல்காரர்களின் வசதிக்கானது. கைகளை நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரையை அவர்கள் 5ஆம் மாதத்திலேயே வைத்துவிட்டார்கள். அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலையையும் மார்பையும் தூக்குவதே பெரிய காரியம். வருகையில் மட்டும் அவர்கள் கணக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், பிடியில்லாமல் நிற்பது சராசரியாக 11 மாதத்தில், பிடியில்லாமல் நடப்பது 12 மாதத்தைச் சற்றுத் தாண்டி.

இந்தப் பத்துப் பருவங்களில் நிற்பதற்கென்று ஒரு பருவம் இல்லை. உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணிக்கு உண்டு, முத்தத்துக்கு உண்டு, நடந்து வருவதற்கு உண்டு. பெரியாழ்வார் கண்ணனின் தளர்நடைக்கென்று தனியாகவே ஒரு பதிகம் பாடினார். அவரும் நிற்பதைத் தனியே பாடவில்லை. நிற்பதற்கும் நடப்பதற்கும் இடையில் ஒரு மாதம்தான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் பலவும் தாய் கேட்டுக் குழந்தை செய்பவை: கைகொட்டு, முத்தம் கொடு, வா. நில் என்று கேட்டு எந்தக் குழந்தையும் முதன்முதலாக நிற்பதில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்கு நாற்காலியைப் பிடித்து நின்றுகொண்டிருக்கும். திரும்பிப் பார்த்துத்தான் அம்மாவுக்கே தெரியும்.

ஐரோப்பாவில் இதை அப்படி விட்டுவைக்கவில்லை. பிறந்த குழந்தையைத் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டி வைப்பது அங்கே நெடுங்கால வழக்கம். கட்டை அவிழ்த்ததும் அடுத்த கவலை தரை. குளிர்ந்த, அழுக்கான தரை. அறை நடுவே எரியும் கணப்பு. போதாக்குறைக்கு, நாலு காலில் தவழ்வது மிருகத்தின் வேலை, மனிதக் குழந்தை நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்ற எண்ணம். இதற்காகச் செய்தவைதான் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக் குழந்தையை நட்டமாக நிறுத்திவைக்கும் நிற்கும் முக்காலிகள், சக்கரம் வைத்த கூண்டுகள், சட்டையின் தோளில் தைத்துப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் நடைவார்கள், விழுந்தால் மண்டை உடையாமலிருக்கப் பஞ்சு வைத்த தொப்பிகள். 1440 வாக்கில் நெதர்லாந்தில், கிளீவ்ஸ் நகரத்து கேத்தரின் என்ற பிரபுப் பெண்ணுக்காக எழுதிய பிரார்த்தனைப் புத்தகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. மரியாள் தறியில் நெய்கிறாள். சூசையப்பர் இழைப்புளி போட்டுக்கொண்டிருக்கிறார். குழந்தை இயேசு நாலு பக்கமும் அடைத்த மர நடைச்சட்டத்துக்குள் நிற்கிறார். தச்சர் வீட்டுப் பிள்ளை என்பதால் அவருக்கு நல்ல சட்டமே வாய்த்திருக்கும். அந்த அறையில் வேலை இல்லாமல் சும்மா இருக்கும் கை ஒன்றுகூட இல்லை. கூண்டு எதற்கு என்ற கேள்விக்கு ஓவியரே பதில் வரைந்துவிட்டார். தள்ளும் வகையும் அங்கே இல்லாமலில்லை: ஹியரோனிமஸ் பாஷ் வரைந்த பலகை ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு குழந்தை கையில் காற்றாடியோடு மரச் சட்டம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. நம் ஊர்த் திருவிழாவில் பார்க்கிற பிள்ளைக்கும் அதற்கும் உடையில்தான் வித்தியாசம்.

தமிழ் வீடுகளில் கூண்டு தோன்றாததற்குக் காரணம் நம் முன்னோர்களின் தனி ஞானம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் தரைதான். சாணம் மெழுகிய மண் தரையானாலும் பின்னால் வந்த சிமென்ட் தரையானாலும், சாப்பாடு, தூக்கம், காய் நறுக்குவது, கதை பேசுவது எல்லாம் அங்கேதான். தினமும் பெருக்கும் இடம், குளிராத இடம். அங்கே குழந்தையை விட்டால் அது இன்னொரு உலகத்தில் விட்டதாக ஆகாது. எல்லோர் கண் மட்டத்திலும்தான் இருக்கும். ஆபத்தும் அதே தரையில்தான் இருந்தது: எரியும் அடுப்பு, நிமிர்ந்து நிற்கும் அரிவாள்மணை. அதற்காகப் பாட்டியோ, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டோடு நிறுத்தப்பட்ட மூத்த பெண்ணோ காவல் இருந்தார்கள்; அந்தக் காவலுக்கு அந்தப் பெண் கொடுத்த விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யாருமே இல்லாத வேளைக்குத் தூளி. அதுவும் குழந்தையைக் கட்டிப்போடும் கருவிதான். ஆனால் தூளி தூங்கவைக்கத்தான். காலுக்குப் பயிற்சி கொடுக்கிறது என்று அதை விற்றவர் யாரும் இல்லை.

ஐரோப்பியக் கூண்டுகளுக்கு எதிராகப் பெரிய குரல் எழுப்பியவர் ரூசோ. 1762இல் வெளியான 'எமில்' நூலில் தன் கற்பனை மாணவனுக்குத் தலைத்தொப்பியும் கிடையாது, நடைவண்டியும் கிடையாது, நடைவாரும் கிடையாது என்று அறிவிக்கிறார். புல்வெளியில் விடுங்கள், ஒரு நாளைக்கு நூறு முறை விழட்டும், எழுந்திருக்கச் சீக்கிரம் கற்றுக்கொள்வான் என்பது அவர் கட்சி. தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை இல்லத்தில் சேர்த்துவிட்ட மனிதரின் அறிவுரை இது என்பதை மறக்க முடியாது. ஆனாலும் அவர் சொன்ன நூறு வெறும் அலங்காரம் இல்லை. நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விளையாட விட்டு எண்ணிப் பார்த்து 2012இல் எழுதினார்கள்: மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்துவைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். ஆறு மணி நேரம் விழித்துத் திரிந்தால் நூறைத் தொட்டுவிடும். அப்படி விழும்போது பெரும்பாலும் குழந்தை அழுவதுகூட இல்லை. தரைக்கும் அதன் புட்டத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

நிற்பதற்கு வேண்டியது கால் பலம் என்று நினைத்துத்தான் பெரியவர்கள் கருவி தேடுகிறார்கள். பலம் வேண்டும்தான், அது பாதிக் கதை. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடம்பு முன்னும் பின்னும் சாய்ந்துகொண்டும் திருத்திக்கொண்டும் இருக்கிறது. குழந்தைக்கு உடம்பின் அளவில் தலை பெரிது, பாதம் சிறிது. திருத்தம் இன்னும் கடினம். இதில் கண்ணுக்கு எவ்வளவு பங்கு என்பதை எடின்பரோவில் லீயும் ஆரன்சனும் 1974இல் ஓர் அழகான சோதனையால் காட்டினார்கள். தொங்கவிட்ட சுவர்களாலான அறை. தரை மட்டும் அசையாது. புதிதாக நிற்கக் கற்ற குழந்தையை நடுவில் நிறுத்தி, சுவர்களைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். யாரும் தொடாமலேயே குழந்தை தள்ளாடியது, சில குழந்தைகள் தொப்பென்று விழுந்தன. சுவர் நகர்ந்ததைத் தான் சாய்வதாக எடுத்துக்கொண்டு, இல்லாத சாய்வைத் திருத்தப் போய் விழுந்தன. கண், உள்ளங்கால், காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு மூன்றும் பேசி ஒத்துப்போக வேண்டும். சாயும் வாய்ப்பே இல்லாத இடத்தில் இந்தப் பேச்சு நடக்க வழியில்லை.

அப்படியானால் கற்றுக்கொடுப்பதே வீண், வயது வந்தால் தானாக நிற்கும் என்று விட்டுவிடலாமா? கடந்த நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் ஆர்னால்ட் கெசல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: நரம்பு முதிர வேண்டும், மற்றதெல்லாம் பின்னால் வரும். 1940இல் டென்னிஸ் தம்பதியர், பலகைத் தொட்டிலில் கட்டிவைத்து வளர்த்த ஹோப்பி இனக் குழந்தைகளும் கட்டாமல் வளர்த்த ஹோப்பிக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வயதில்தான் நடந்தார்கள் என்று எழுதியது இதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் அதே வேய்ன் டென்னிஸ் 1960இல் தெஹ்ரானின் அநாதை இல்லங்களைப் பார்த்துவிட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரும்பகுதி நேரம் மல்லாந்து படுக்கவைக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பலர் மூன்று வயதிலும் நடக்கவில்லை. இன்னொரு பக்கம், கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் சார்லஸ் சூப்பர் 1970களில் கண்டது: தாய்மார்கள் மண்ணில் சிறு குழி பறித்துக் குழந்தையை உட்காரப் பழக்குகிறார்கள், கைபிடித்து நடை பழக்குகிறார்கள், அந்தப் பிள்ளைகள் உட்காருவதிலும் நடப்பதிலும் முந்துகிறார்கள். யாரும் பழக்காத தவழலில் அப்படி முந்தவில்லை. பயிற்சி வேலை செய்கிறது, ஆனால் எதைப் பழக்கினோமோ அதில்தான் செய்கிறது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ஹோப்பிக் குழந்தையும் நாள் முழுக்கப் பலகையில் இல்லை. வளர வளர அவிழ்த்துவிடப்பட்டு ஆட்கள் நடுவே தவழ்ந்து திரிந்தது. தெஹ்ரான் குழந்தைக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இந்த அளவுகோலை வாக்கருக்கு வைத்துப் பார்க்கலாம். துணி இருக்கையில் தொங்கும் குழந்தை கால் விரல் நுனியால் தரையை உந்துகிறது. எடையைத் தாங்குவது துணி. சாய்ந்தாலும் விழாது, ஆகவே திருத்த வேண்டியதில்லை. முன்னாலிருக்கும் தட்டு அதன் காலையே அதன் கண்ணுக்கு மறைக்கிறது. அது பழகுவது தொங்கிக்கொண்டு உந்துவதை, நிற்பதை இல்லை. அயர்லாந்தில் 190 குழந்தைகளின் பெற்றோரிடம் குறிப்பெடுத்து 2002இல் வெளியான ஆய்வில், வாக்கரில் கழித்த நேரத்தைக் கூட்டி ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தானாக நிற்பது 3.7 நாளும் தானாக நடப்பது 3.3 நாளும் பிந்தியது. தாமதம் பெரிதில்லை, பிள்ளைகள் பின்னால் சரிக்கட்டிவிடும் என்று வாதாடலாம், உண்மைதான். காயம் அப்படிச் சரிக்கட்டக்கூடியதில்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 2,30,000க்கு மேற்பட்ட குழந்தைகள் வாக்கர் விபத்தால் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள் என்பது மதிப்பீடு. பத்தில் ஒன்பது பேருக்குத் தலையில் அல்லது கழுத்தில் அடி, நாலில் மூன்று பேர் மாடிப்படியில் உருண்டவர்கள். கனடா 2004 ஏப்ரலில் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்தது. பழசை விற்பதுகூட அங்கே குற்றம்.

எங்கள் பிள்ளை வாக்கரில்தான் நடை கற்றது என்று சொல்லும் வீடுகள் நூறு உண்டு. அந்தப் பிள்ளை பத்தாம் மாதம் வாக்கரில் இருந்தது, பன்னிரண்டாம் மாதம் நடந்தது. வாக்கர் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பன்னிரண்டில் நடந்தது. இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று: இரண்டு அறை ஃபிளாட்டில் பாட்டியும் இல்லை, அக்காவும் இல்லை, அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது, அந்த இருபது நிமிடத்துக்குக் குழந்தையை எங்கே வைப்பது? இதற்கு உபதேசம் பதிலாகாது. தறியில் உட்கார்ந்த மரியாளின் சிக்கலும் இதுதான், அது பொய்ச் சிக்கல் இல்லை. சக்கரமில்லாத அடைப்பு ஒன்று, அல்லது கூடத்தின் ஒரு மூலையைக் கட்டில் போட்டு மறித்த பாய், அந்த இருபது நிமிடத்தைக் காப்பாற்றும். கைக்கு ஓய்வு வேண்டுமென்றால் அதை ஓய்வு என்றே பெயர் சொல்லி வாங்கலாம். நடைப் பயிற்சி என்ற பெயரில் வாங்கும்போதுதான் குழந்தை மணிக்கணக்கில் அதிலேயே கிடக்கிறது.

பெற்றோர் செய்யக்கூடியது இதையெல்லாம் பார்த்தால் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் விலையில்லாதது. வெறும் தரை, பிடித்து எழ அசையாத பொருள்கள், சாய்ந்தால் இடிக்காத மூலைகள். பிடித்து நிற்கும் குழந்தையின் அக்குளைத் தூக்கிப் பிடிப்பதைவிட இடுப்பை லேசாகத் தொட்டுக்கொண்டால் எடை அதன் காலிலேயே இருக்கும். வீட்டுக்குள் ஷூ வேண்டாம்: இந்தியாவில் 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வில் தட்டைப் பாதம் செருப்பணிந்தவர்களில் 8.6 சதவீதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். அவர்கள் 4 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்றாலும், தரையை உணர வேண்டிய கைப்பிள்ளைக்கு அந்தப் பாடம் இன்னும் பொருந்தும். 17 மாதம் வரை பிடியில்லாமல் நிற்காவிட்டாலோ, ஒரு கால் மட்டும் பிந்தினாலோ, பழகியதை மறந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கே பாட்டி வைத்தியம் போதாது. பலரும் கவனிக்காத ஒன்று இறங்குவது. எழுந்து நிற்கக் கற்றுச் சில வாரம் வரை குழந்தைக்குத் திரும்ப உட்காரத் தெரியாது. நடு ராத்திரியில் தொட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வீறிடுவது பசியால் இல்லை, மாட்டிக்கொண்டதால். அப்போது தூக்கிப் படுக்கவைக்காமல், முட்டிக்குப் பின்னால் விரலால் மெல்ல அழுத்தி மடக்கிவிட்டால் தானே தொப்பென்று உட்காரும். நாலு தடவை இப்படிச் செய்தால் ஐந்தாவது தடவை கூப்பிடாது. பிறகு ஒரு நாள் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் டம்ளரும் கொடுத்தால், நாற்காலியை விட்டுவிட்டதை மறந்து, இரண்டையும் தட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கும்.